இடிந்த வீட்டு மண்

எனக்குப் பூனைகளைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் படுத்திருந்த சாம்பல் நிறப் பூனையைக் கண்டு நீங்கள் சுவரோரமாக ஒதுங்கி உள்ளே வந்ததைப் பார்த்தேன். அது கிழட்டுப் பூனை. அதனால் யாருக்கும் ஒன்றும் வராது. பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இரண்டு வாரம் போல, நீங்கள் பயப்படும் அந்தக் கிருமியை மலத்தில் விடும். அதுவும் குட்டியாக, முதல் எலியைப் பிடித்துத் தின்னும் வயதில். மீதி நாளெல்லாம் அது வெறும் பூனை.

உட்காருங்கள், டாக்டர். மொம்பாசாவிலிருந்து பஸ்ஸில் வந்து படகு ஏறியிருக்கிறீர்கள். டீயில் இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது. தூக்கம் போதாது. ஆறு வருஷமாகவே போதாது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. இந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். முதலாளி அத்மானிடம் நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வராது. அவர் அதை என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் கேட்பது எளிய கேள்விதான். உங்களிடம் கொண்டுவரப்பட்ட மூனா என்ற பதினொரு மாதக் குழந்தையின் தாய் ஷம்சா. அவள் கர்ப்பமாக இருந்தபோது எந்த மருத்துவரும் எழுதித்தராத ஒரு பரிசோதனை, எங்கள் பதிவேட்டில் அவள் பெயரில் இரண்டு முறை இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. ஏன் என்று கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். இடையில் நிறுத்தினால் எனக்குத் திரும்ப ஆரம்பிக்க வராது.

ஷம்சா என் கணவரின் தங்கை.

இந்த லாமுத் தீவில் வீடு மகளுக்குப் போகும். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். நான் நிலப்பக்கம், மலிந்தி ஊர்க்காரி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். கல்லூரியில் உயிரியல் படித்தேன், இங்கே வேலை கிடைத்தது, படகு எஞ்சின் பழுதுபார்க்கும் லாலியைக் கட்டிக்கொண்டேன். அழைத்துப்போக எனக்கு ஒரு வீடு இல்லாததால் அவர் அம்மா வீட்டுக்கே வந்தேன். மாமியார் ஸவுதா, ஊருக்கு மரியாதையாகப் பீ ஸவுதா, முதல் வாரமே அண்டை வீட்டுப் பெண்களிடம் சொன்னார்.

"எல்லா வீட்டுலயும் மருமகன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வருவான். நம்ம வீட்டுல மருமக தூக்கிக்கிட்டு வந்திருக்கா. உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. புத்தகம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே.

அந்த வீட்டில் என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் ஷம்சா ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. "அண்ணி, உங்க ஊர்ல தெரு பூரா கார் ஓடுமாமே. அப்ப கழுதைங்க எல்லாம் என்ன பண்ணும், பென்ஷன் வாங்கிக்கிட்டு உக்காந்திருக்குமா?" என்பாள். பதில் வரும்வரை காத்திருக்கமாட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

நான் உண்டானேன். மூன்றாம் மாதம் மண் தின்ன ஆசை வந்தது. இந்தக் கரையில் பிள்ளைத்தாய்ச்சிகள் மண் தின்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் நோயாளிகளில் பாதிப் பேராவது உங்களிடம் மறைத்திருப்பார்கள். சந்தையில் விரல் நீளத்துக்கு உருட்டி, அடுப்பில் சுட்டு, கூடையில் வைத்து விற்பார்கள். நிலப்பக்கமிருந்து படகில் வரும். உயிரியல் படித்தவள் மண் தின்னலாமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் வாய் கேட்கவில்லை. தெற்குக் காற்று பலமாக வீசிய மாதம் அது. பத்து நாளாகப் படகு வரவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு இடிந்த வீடு. கூரை விழுந்து, சுவர் மட்டும் நிற்கும். வாரிசுகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். பூனைகள்தான் குடியிருந்தன. ஒரு நாள் மதியம் ஷம்சா நீல விளிம்பு போட்ட சின்ன எனாமல் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே சுவரின் அடியிலிருந்து கிள்ளிய செம்மண்.

"மழை வாசனை அப்படியே இருக்கு பாருங்க அண்ணி. சுட்ட மண்ணுல இது வராது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த வீட்டுல ஜின் இருக்குன்னு சொல்லி என் காலை ஒடிச்சிடுவாங்க."

"ஜின் ஒண்ணும் பண்ணலையா?"

"சலாம் சொல்லிட்டுத்தான் எடுத்தேன். பதில் சொல்லலை. வெட்கப்படுற ஜின் போல, உங்களை மாதிரி."

தின்றேன். பதினொரு நாள், தினம் ஒரு கிண்ணம். அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. அந்த வீட்டில் எனக்காக யாரும் அவ்வளவு அக்கறையாக எதையும் செய்ததில்லை.

பக்காரி பிறந்தான். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. இந்த மாதம் ஆறு வயது ஆகிறது. தலை கொஞ்சம் பெரிது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வாரத்தில் நான்கைந்து முறை வலிப்பு வரும். நடக்கமாட்டான், ஏழெட்டுச் சொல் பேசுவான். சந்தில் போகும் கழுதைகளைக் குளம்புச் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லுவான். அதைக் கற்றுக்கொடுத்தது ஷம்சா. தண்ணீர்க்காரன் கழுதை வந்தால் கையைத் தட்டுவான்.

மொம்பாசா மருத்துவர் பெயரைச் சொன்னார். டாக்ஸோபிளாஸ்மா. பூனையின் குடலில் வளரும் ஒட்டுண்ணி. மண், தண்ணீர், வேகாத இறைச்சி வழியாக நமக்கு வரும். சாதாரண ஆளுக்கு ஒரு சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும். கர்ப்பமாக இருக்கும்போது முதன்முறையாக வந்தால்தான் குழந்தைக்குப் போகும். நான் படித்திருந்தேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்ததும் நினைவிருக்கிறது.

வீட்டில் எடுத்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ச்சியாக அதிகம் பேசியது அன்றைக்குத்தான், இன்றைக்கு முன்னால்.

பீ ஸவுதா கேட்டார். "பூனையா? இந்த ஊர்ல மனுஷங்களை விடப் பூனைதான் ஜாஸ்தி. நான் நாலு பெத்தேன். மடியில பூனையைப் போட்டுக்கிட்டே பெத்தேன். என் பிள்ளைங்க கண்ணுக்கு என்ன வந்துச்சு?"

"உங்களுக்கு அது சின்ன வயசுலயே வந்து போயிருக்கும் மாமி. உடம்பு பழகிடுச்சு. எனக்கு அது புதுசு."

"அப்ப குறை பூனைகிட்ட இல்ல. உன்கிட்டதான் இருக்கு."

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் என் வாக்கியத்திலிருந்து அந்த முடிவுக்கும் வரலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. ஊரெல்லாம் சொன்னார். "வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு அந்தக் குழாய்ல கண்ணை வெச்சு ஊரு மலத்தைப் பூரா பாத்தா. பிள்ளைக்குக் கண்ணு எப்படி இருக்கும்?" நுண்ணோக்கியைத்தான் குழாய் என்றார். மீன் வாங்கப் போனால் பெண்கள் என் கண்ணைப் பார்ப்பார்கள். பிறகு பக்காரியின் கண்ணைப் பார்ப்பார்கள். ஆறு வருஷம், டாக்டர். கோபம் என்பது ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் களைப்புத்தான்.

லாலி கெட்டவர் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். ஆனால் என்னை விட்டு விலகிப் படுத்தார். இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று நான் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

"வேண்டாம் ரயா. ஒண்ணையே தூக்க முடியல."

"ஒரு தடவை வந்தா திரும்ப வராது. அடுத்தது நல்லா இருக்கும்."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல இருக்கு."

"அது வெள்ளைக்காரன் பூனைக்கு எழுதின புத்தகம். இது லாமு பூனை." சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அம்மா சொல்றது உன் ரத்தம்னு. நீ சொல்றது பூனைன்னு. நான் எதை நம்புறது? நம்ம வீட்டுல, என் கண்ணு முன்னாடி காட்டு. நம்புறேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அது சரியான கோரிக்கை. ஒரே ஒரு நிகழ்வு எதையும் நிரூபிக்காது. கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குள் பீ ஸவுதா அவருக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க அடுத்த சந்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். வீடு உள்ள பெண்.

பக்காரிக்கு மூன்று வயதாக இருக்கும்போது பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் குழு ஒன்று வந்தது. வலை போட்டுப் பிடித்து, அறுத்து, தைத்து விட்டார்கள். ஒட்டுண்ணிகளையும் பார்க்க விரும்பினார்கள். எங்கள் நுண்ணோக்கியைக் கேட்டார்கள். பார்க்கிற வேலையை நான் செய்தேன். ஊரில் பத்து இடங்களிலிருந்து மண்ணும் மலமும் வந்தன. நாடாப்புழு, கொக்கிப்புழு எல்லாம் நிறைய இருந்தன. நான் தேடியது ஓரிடத்தில்தான் இருந்தது. இடிந்த வீட்டில், ஒற்றைக் காது கறுப்பான ஒரு வெள்ளைக் குட்டியின் மலத்தில். அந்தக் கிருமியின் முட்டை என்று சொல்வது சரியில்லை, ஆனால் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். சின்னது, உருண்டை, மிகவும் சுத்தமான தோற்றம். நைரோபிக்கு அனுப்பி உறுதி செய்தார்கள்.

ஈரமும் நிழலும் இருந்தால் மண்ணில் அது ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கொதிநீர் ஊற்றுங்கள், மேல்மண்ணைச் சுரண்டிப் புதையுங்கள் என்று குழுவினர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். செய்கிறேன் என்றேன். அந்த வாரம் பக்காரிக்கு வலிப்பு அதிகம். செய்யவில்லை. போகும்போது ஒரு பெட்டிப் பரிசோதனைப் பட்டைகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு சொட்டு இரத்தம் போதும். பழைய தொற்று என்றால் ஒரு கோடு, புதிய தொற்று என்றால் இன்னொரு கோடு. ஒன்றுமே வந்ததில்லை என்றால் இரண்டும் விழாது.

அந்த நீல விளிம்புக் கிண்ணம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுவரை நான் கீரை என்றும், தண்ணீர்த் தொட்டி என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதுவும் அனுமானம்தான், சான்று இல்லை. ஷம்சாவின் மேல் எனக்கு வருத்தம் வந்ததா என்று கேட்டால், இல்லை. அவள் அன்பாகச் செய்தாள். நான் மண்ணைப் பற்றி மட்டுமே நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஷம்சாவுக்குக் கல்யாணம் ஆனது. பள்ளி ஆசிரியர் ஹாஷிம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாடி அவர்களுடையதானது. நாங்கள் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறைக்கு மாறினோம். அதுதான் முறை, வீடு அவளுடையது. இரண்டு மாதத்தில் உண்டானாள்.

மூன்றாம் மாதம் வழக்கமான சோதனைகளுக்கு இங்கே வந்தாள். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். "வலிக்காம குத்துங்க அண்ணி, உள்ள இருக்கிறது உங்க ஆளு" என்றாள். ஒரு சொட்டு கூடுதலாக எடுத்துப் பட்டையில் விட்டேன். இரண்டு கோடும் விழவில்லை.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது அபூர்வம். ஆனால் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவளுக்கு மூச்சிரைப்பு. பூனைகளை அண்டவிடாமல், தொட்டதெல்லாம் கழுவவைத்து வளர்த்திருந்தார் பீ ஸவுதா. அன்று எனக்கு மண் கிள்ளிக்கொண்டு வந்தபோதும் வீட்டுக்குள் நுழைந்ததும் கையை மூன்று முறை கழுவியிருப்பாள். ஆக, அவள் உடல் அதைப் பார்த்ததே இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் நான் இருந்த அதே நிலை. அதே வீடு, அதே மாதக் கணக்கு, அதே தெற்குக் காற்று. எங்கள் இருவருக்கும் இடையே ஒரே ஒரு வித்தியாசம் இரத்தம்தான், அவர்கள் சொல்கிற அர்த்தத்தில். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருக்கும் நிலையை ஆய்வுக்கூடத்தில்கூட அமைப்பது கஷ்டம்.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. பட்டையைத் தாளில் ஒட்டி, தேதி எழுதி, இழுப்பறையில் வைத்தேன்.

மறு வாரம் அவளே கேட்டாள். அதைக் கவனத்தில் கொள்ளுங்கள். நான் போய்ச் சொல்லவில்லை.

"அண்ணி, சந்தையில வாங்கின மண்ணு ஓடு மாதிரி இருக்கு. பல்லு போயிடும். அன்னிக்கு உங்களுக்கு நான் கொண்டுவந்து குடுத்தேன்ல, அது மாதிரி வேணும்."

"அங்க பூனை இருக்கு ஷம்சா."

"எங்கதான் பூனை இல்ல? எனக்குக் குனிய முடியல, தலை சுத்துது. நீங்கதான் லேப்ல இருக்கீங்களே, பாத்து நல்லதா எடுத்துட்டு வாங்க. அன்னிக்கு என் முறை, இன்னிக்கு உங்க முறை."

நான் எச்சரித்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்த்து எடுத்தேன். சுவரின் நான்கு மூலையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துவந்து, இந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மூன்று மூலையில் ஒன்றுமில்லை. நான்காவது மூலையிலிருந்து கிண்ணத்தை நிரப்பினேன். கிண்ணம் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தது. நீல விளிம்பில் ஓரிடம் பெயர்ந்திருந்தது. மற்றபடி அதே கிண்ணம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவள் மாடி வெயிலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். பக்காரியைத் தன் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்திருந்தாள். அவன் தடவித் தடவிக் கிண்ணத்துக்குள் கையை விட்டுவிட்டான். நான் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே.

"ஏன் அண்ணி, பிள்ளைக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன? அவனுக்கு மண்ணு ருசி தெரியட்டுமே" என்று சிரித்தாள்.

அவனுக்கு அது புதிதாக எதுவும் செய்யாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவனைக் கீழே தூக்கிப் போய்ச் சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவினேன். நகத்துக்குள் இருந்ததைக் குச்சியால் எடுத்தேன். மேலே அவள் அவனுக்குக் கழுதைகளின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கீழேயிருந்து கை தட்டினான். அன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் பதினொரு நாள் தின்றிருந்தேன். ஆறோடு நிறுத்தினால் அது வேறு நிகழ்வு ஆகிவிடும்.

மூன்று வாரம் கழித்து அவளுக்குச் சின்னக் காய்ச்சல். "கழுத்துல நெறி கட்டியிருக்கு அண்ணி, தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும், புளியங்கொட்டை அளவு. ஹாஷிம் எலுமிச்சையும் தேனும் கொடுத்தார். பீ ஸவுதா குர்ஆன் ஓதித் தண்ணீர் கொடுத்தார். ஐந்தாம் மாதம் மறுபடியும் இங்கே அழைத்துவந்து ஒரு சொட்டு எடுத்தேன். புதிய தொற்றின் கோடு விழுந்தது. தெளிவாக, அழுத்தமாக.

நீங்கள் இப்போது என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். ஆமாம், மருந்து இருக்கிறது. கர்ப்பக் காலத்திலேயே கொடுத்தால் குழந்தைக்குப் போவதைக் குறைக்கலாம், போயிருந்தாலும் சேதத்தைக் குறைக்கலாம். மொம்பாசாவில் கிடைத்திருக்கும். காலையில் படகு ஏறியிருந்தால் மறுநாள் அவள் கையில் இருந்திருக்கும். ஹாஷிம் அப்படிப்பட்ட கணவர், சொன்ன நிமிஷம் கிளம்பியிருப்பார். எனக்கு மருந்தின் பெயரும் அளவும் தெரியும். பக்காரிக்காகத் தேடித் தேடிப் படித்தது அதைத்தான், எனக்குக் காலம் கடந்துவிட்ட பிறகு.

நான் சொல்லவில்லை. மருந்து கொடுத்தால் முடிவு கலங்கிவிடும். குழந்தை நன்றாகப் பிறந்தால் மண் காரணமில்லை என்பார்கள்.

"என்ன அண்ணி, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் ரத்தம் குறைவு. பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றேன்.

அது பொய் இல்லை. இரத்தமும் குறைவாகத்தான் இருந்தது.

மூனா எட்டாம் மாதத்தில் பிறந்தாள். மீதி உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தீர்கள். மூன்றாம் வாரம் முதல் வலிப்பு வந்தது. அது என்னவென்று வீட்டில் முதலில் புரிந்துகொண்டது நான். குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, நேரம் பார்த்தேன். ஷம்சா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகம் பதிந்தது.

நான் எதிர்பார்த்தது இதுதான். பீ ஸவுதா இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பார். தன் இரத்தத்திலும் இது வரும் என்று புரிந்துகொள்வார். அப்போது நான் தாள்களை எடுத்துக் காட்டுவேன். லாலி நம்புவார்.

பீ ஸவுதா குழந்தையைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்லா குடுத்தது. அவன்கிட்ட யாரு கேள்வி கேக்க முடியும்" என்றார். அவ்வளவுதான். வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். ஷம்சாவை அணைத்துக்கொண்டு அழுதார்கள். தேங்காய்ப்பால் கஞ்சி கொண்டுவந்தார்கள். யாரும் இரத்தம் என்று சொல்லவில்லை. யாரும் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. மகளுக்கு வந்தால் அல்லா. மருமகளுக்கு வந்தால் அவள் கண். இந்தச் சாத்தியத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. என் ஆய்வில் இருந்த பிழை அது.

லாலி தங்கை மகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பக்காரிக்காக அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்று சொல்லியிருக்கலாம். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். வாயைத் திறந்தேன். பிறகு டீ ஊற்றிக் கொடுத்தேன். பதினாறு கோப்பை.

நாற்பது நாள் கழிந்ததும் ஷம்சா கீழே என் அறைக்கு வந்தாள். பழைய மாதிரிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பக்காரியைப் பத்தி அம்மா அப்படியெல்லாம் பேசினப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு இப்பத்தான் தெரியுது. என்னை மன்னிச்சிடுங்க."

"நீ என்ன பண்ணினே. நீ ஒண்ணும் பண்ணலை" என்றேன்.

"எப்படி அண்ணி இத்தனை வருஷம் தனியாத் தூக்கினீங்க?"

பதில் தேடிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, காத்திருந்தாள். அன்று முதல் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்கிறாள். வலிப்பு மருந்தை எப்படிக் கரைப்பது, தலையை எப்படித் தாங்குவது, யார் என்ன சொன்னால் என்ன பதில் சொல்வது. மாலையில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் போடுகிறோம். தண்ணீர்க்காரன் கழுதை வந்தால் பக்காரி கை தட்டுகிறான். மூனா அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறாள். பீ ஸவுதாவும் இப்போது பக்காரியைத் தூக்குகிறார். ஒருத்தியை மட்டும் தூக்கினால் நன்றாக இருக்காதே. அடுத்த சந்துப் பெண்ணைப் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது. யாருக்கும் அதற்குத் தெம்பு இல்லை. வீட்டில் அமைதியாக இருக்கிறது. இந்த ஆறு வருஷத்தில் நான் நிம்மதியாக மூச்சுவிட்டது இந்தப் பதினொரு மாதம்தான். அதற்காகச் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. சான்றுக்காகச் செய்தேன்.

இதோ, இரண்டு தாள்கள். ஒன்றில் கோடு இல்லை, இன்னொன்றில் கோடு இருக்கிறது. தேதிகள் சரியாக இருக்கின்றன. பதிவேட்டிலும் அவள் முழுப்பெயரை எழுதினேன். மறைக்க நினைக்கிறவள் எழுதமாட்டாள், இல்லையா? இரண்டாவது தாள் பதினான்கு மாதமாக இந்த இழுப்பறையில் இருக்கிறது. பூட்டக்கூட இல்லை.

இத்தனை நாளில் யாருக்குக் காட்டினாய் என்று கேட்கிறீர்கள்.

லாலியிடம் காட்டவேண்டும் என்றிருந்தேன். நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் வேலை அதிகம், நோன்பு வந்தது, பக்காரிக்குச் சளி. இல்லை, யாருக்கும் காட்டவில்லை. கேட்டது நீங்கள்தான் முதல்.

எழுதித் தரச் சொல்கிறீர்கள், தருகிறேன். ஷம்சாவுக்குத் தொற்று எப்படி வரும் என்று தெரிந்தே அந்த மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் மருந்துக்கு நேரம் இருக்கும்போதே சொல்லாமல் இருந்தேன். இதைவிடச் சுருக்கமாக எனக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக்குக் கீழே பட்டம் போடவேண்டுமா?

அவளுக்கு ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். அடுத்த பிள்ளைக்குப் பயமில்லை. ஒரு தடவை வந்தவர்களுக்கு அநேகமாகத் திரும்ப வராது. நான் சொன்னால் இனி நம்பமாட்டாள், நீங்கள் சொன்னால் நம்புவாள்.

இன்னொன்று. அன்று எனக்கு அந்த வீட்டு மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள் என்பதை மட்டும் எதிலும் எழுதவேண்டாம், டாக்டர். பக்காரி தன்னால்தான் இப்படி ஆனான் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தையில்கூட அவளை நோகடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.